ஆவணியில் போங்கள்: வடதுருவப் பயணம் திட்டமிடும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

திருத்தணி, ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, அரக்கோணம் என்று நம் சுற்றுவட்டாரத்தில் பள்ளி முடித்து, சென்னையிலும் பெங்களூரிலும் வேலைக்கு அமர்ந்து, ஒரு தடவையாவது தூரதேசம் பார்த்துவிட வேண்டும் என்று பணம் சேர்க்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்கு வந்தவர்களில் சிலர் வீடு தேடி வந்து என்னைப் பார்த்தீர்கள். "சார், டிசம்பர்ல ஃபின்லாந்து போறோம், நார்த்தர்ன் லைட்ஸ் பார்க்க" என்றீர்கள். முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றும் சொன்னீர்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மடல். டிசம்பரில் போகாதீர்கள். ஆகஸ்டு கடைசியில் கிளம்பி செப்டம்பர் பாதிவரை இருந்துவிட்டு வாருங்கள்.

ஃபின்லாந்து நம் பக்கத்துக்கு அந்நியமான பெயர் அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் தொடங்கி 2014இல் நிற்கும்வரை, விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நின்ற பெண்பிள்ளைகள் நம் தெருக்களிலும் இருந்தார்கள். பிறகு படித்தவர்கள் அந்த நாட்டுக்கே வேலைக்குப் போனார்கள். என் மகளும் அப்படிப் போனவள்தான். ஓலு என்கிற நகரத்தில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது அவளும் மருமகனும் என்னை மேலும் வடக்கே அழைத்துப்போனார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பறையில் தூந்திரம், தைகா என்று கரும்பலகையில் எழுதிய ஆசிரியன், அந்தத் தரையில் கால் வைத்து நடந்தது அப்போதுதான்.

டிசம்பரை ஏன் வேண்டாம் என்கிறேன்? வடதுருவ வட்டத்தின் மேலேயே இருக்கும் ரோவனியேமியில் அந்த மாதம் பகல் இரண்டு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். நார்வேயின் டிராம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி பாதிவரை சூரியன் எழுவதே இல்லை. வானம் மூடிவிட்டால், நீங்கள் தேடிப்போன துருவ ஒளியும் இல்லை. வாடகைக்கு எடுத்த கனத்த உடுப்புக்குள் இருந்துகொண்டு, நாய் வண்டியில் ஒரு சுற்று, சாண்டா கிளாஸ் கிராமத்தில் ஒரு போட்டோ என்று நாள் கழியும். தரை, செடி, நீர், பறவை எதுவும் கண்ணில் படாது. குளிர்காலத்துக்கு அதற்கே உரிய அழகு இல்லை என்று நான் சொல்லவில்லை. வாழ்நாளில் ஒரே தடவை போகக்கூடியவர்கள் அந்த நிலம் விழித்திருக்கும்போது போகவேண்டும் என்கிறேன்.

ஒளியைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆகஸ்டு கடைசியிலேயே அங்கே இரவு போதுமான அளவுக்கு இருட்டத் தொடங்கிவிடும். செப்டம்பர் 22ஐ ஒட்டிய சமநாள் காலத்தில் பூமியின் காந்தப்புலமும் சூரியக் காற்றின் காந்தப்புலமும் பொருந்தி வருகிற வாகு காரணமாகத் துருவ ஒளி அடிக்கடி தோன்றும். ஏரிகள் இன்னும் உறையாத மாதம் என்பதால், மேலே ஒரு பச்சை, தண்ணீரில் ஒரு பச்சை என்று இரண்டாகப் பார்க்கலாம். மெல்லிய குளிர், நம் தடிமனான ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் போதும்.

சூரியனைக் கொஞ்சம் கவனியுங்கள். நம் மலைக்கோயில் இருப்பது 13 டிகிரி வடக்கைச் சற்றுத் தாண்டி. வடதுருவ வட்டம் 66.5 டிகிரிக்குச் சற்று மேலே. இடையே 53 டிகிரி. டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று வகுப்பில் போட்ட கணக்குப்படி நேர் வடக்கே 5,900 கிலோமீட்டர் வருகிறது. நமக்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். ஏப்ரல் 25ஐ ஒட்டியும் ஆகஸ்டு 18ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, கோயில் கொடிமரத்தின் நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். அங்கே சூரியன் ஒருபோதும் உச்சிக்கு ஏறாது. கோடையில் அடிவானத்துக்குக் கீழே இறங்காமல் சுற்றிச் சுற்றி வரும். உங்கள் நிழலும் உங்களைச் சுற்றி வரும். இன்னும் வடக்கே ஸ்வால்பார்டு தீவுகளின் லாங்யியர்பியனில், ஏப்ரல் 20 வாக்கில் மேலே நின்ற சூரியன் ஆகஸ்டு 22 வாக்கில்தான் மறுபடி அடிவானத்தைத் தொடுகிறது. நம் மலைக்கோயில் படிகள் 365உம் ஆண்டின் நாள்களைக் குறிக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். லாங்யியர்பியன்காரர்களுக்கு அதில் நூற்றிருபதுக்கு மேற்பட்ட படிகள் ஒரே பகல்.

அந்த நீண்ட பகல் முடிந்து, இரவு வேகமாக வளரும் காலம்தான் ஆவணி. ரோவனியேமியில் செப்டம்பரில் ஒரு வாரத்தில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் பகல் குறைந்துவிடும். செடிகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேருகிறது. இலையிலிருந்த பச்சையத்தை அவை உடைத்து உள்வாங்குகின்றன. அடியிலிருந்த மஞ்சள் வெளியே வருகிறது. சில இலைகள் புதிதாகச் சிவப்பு நிறமியை உண்டாக்குகின்றன. ஃபின்லாந்துக்காரர்கள் இந்தக் காலத்தை 'ருஸ்கா' என்பார்கள். வடகோடியான உத்ஸ்யோக்கி, இனாரி பக்கத்தில் செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் அது உச்சத்துக்கு வரும். உயரமான பிர்ச் மரங்கள் மஞ்சள். ஆனால் என்னை நிறுத்திப் பார்க்க வைத்தது கணுக்கால் உயரத்துக் குட்டை பிர்ச். நாணயம் அளவு இலை, பல் வெட்டிய விளிம்பு. அந்த ஒரு செடி மொட்டைக் குன்றின் சரிவு முழுக்கப் பரவி, ஒரே வாரத்தில் சரிவைச் செக்கச் செவேல் என்று ஆக்கிவிடுகிறது. எட்ட நின்றால் நிறம்தான் தெரியும். குனிந்து பாருங்கள்: ஒரே இலையில் நரம்போரம் பச்சை, நடுவில் ஆரஞ்சு, ஓரத்தில் இரத்தச் சிவப்பு.

அந்த ஊர்க் காட்டில் குனியாதவனுக்கு ஒன்றும் கிடைக்காது. சதுப்பின் மேல் இரண்டு பலகைகளை இணையாகப் போட்டு நடைபாதை அமைத்திருக்கிறார்கள். பலகையிலிருந்து காலை எடுத்து வைத்தால் பாசி முழங்கால்வரை உள்வாங்கும். ஓரத்தில் பில்பெரி. நம் நாட்டுக் கடைகளில் பிளாஸ்டிக் டப்பாவில் விற்கும் புளூபெரிக்கு உள்ளே சதை வெளுப்பு. இதற்கு உள்ளும் புறமும் கருநீலம். பறித்த விரல் இரண்டு நாள் நீலமாகவே இருந்தது. வயதான ஒரு அம்மா பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் கைப்பிடி வைத்த சின்னப் பெட்டி, அதன் வாயில் சீப்புப் பற்கள். செடியோடு சேர்த்து மெதுவாகக் கோதினால் பழம் மட்டும் பெட்டிக்குள் விழும், இலை நழுவிவிடும். என் கையில் கொடுத்துப் பழகச் சொன்னார். வேகமாக இழுத்தேன், கையைப் பிடித்து நிறுத்தி, கீழிருந்து மேலாக, மெதுவாக என்று சைகை காட்டினார். பிறகு சிவப்பு லிங்கன்பெரியைக் காட்டினார். அதில் பென்சோயிக் அமிலம் இயற்கையாகவே இருப்பதால் சர்க்கரை போடாமல் வெறும் தண்ணீரில் ஊறப்போட்டாலும் மாதக்கணக்கில் கெடாது. அந்த வீடுகளில் குளிர்காலத்துக்கான ஊறுகாய்ப் பானையே அதுதான்.

யார் நிலத்தில் பறித்தோம் என்று கேட்பீர்கள். அங்கே காடு யாருடையதானாலும், வீட்டையும் பயிரையும் தொந்தரவு செய்யாமல், யார் வேண்டுமானாலும் நடக்கலாம், கூடாரம் போட்டு ஒரு இரவு தங்கலாம், பழமும் காளானும் பறிக்கலாம். உள்ளூர்க்காரர், வெளிநாட்டார் என்கிற வேறுபாடு இல்லை. நார்வேயில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: வடக்கு மாவட்டங்களில் மஞ்சள் கிளவுட்பெரிப் பழத்தைப் பறிக்கக் கூடாது என்று நில உரிமையாளர் தடுக்கலாம், அங்கேயே நின்று தின்பதற்குத் தடையில்லை. இந்த உரிமைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஜாம் கம்பெனிகளுக்காகப் பறிக்க ஒவ்வொரு பருவத்திலும் தாய்லாந்துக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கடன் வாங்கிக்கொண்டு வந்தார்கள். பலர் ஏமாற்றப்பட்டார்கள், வழக்குகள் நீதிமன்றம்வரை போயின. விமான நிலையத்தில் அழகான ஜாம் புட்டி வாங்கும்போது அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பனிமான் தின்னும் லைக்கனை மிதிக்காதீர்கள் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன். பைன் மரங்களுக்கு அடியில் வெண்சாம்பல் நிறத்தில் நுரைத்துக் கிடக்கும். மழை நாளில் மெத்தென்றிருக்கும், காய்ந்த நாளில் காலடியில் நொறுங்கும். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்கிறது. ஒரு காலடியில் சிதைந்ததைச் சரிசெய்ய அதற்குப் பல வருஷம் வேண்டும். குளிர்காலம் முழுக்கப் பனியைக் குளம்பால் தோண்டி அந்த மான்கள் உயிர் பிழைப்பது இதைத் தின்றுதான். போட்டோவுக்காகப் பாதையை விட்டு இறங்கும் ஒவ்வொருவரும் அவற்றின் மார்கழிச் சாப்பாட்டை மிதிக்கிறார்கள்.

ஜூன் கடைசி, ஜூலையில் ஏன் போகச் சொல்லவில்லை என்றால், கொசு. நள்ளிரவுச் சூரியன் வேண்டுமென்றால் அந்த மாதங்களில் போகத்தான் வேண்டும். ஆனால் முகத்துக்கு வலை போட்டுக்கொண்டுதான் நடக்கவேண்டியிருக்கும். மலேரியா, டெங்கு பயம் இல்லை, கடிதான். மான்களே தாங்காமல் காற்றடிக்கும் குன்றின் உச்சிக்கு ஏறிவிடும். ஆகஸ்டு கடைசியில் முதல் உறைபனி விழுந்ததும் கொசு ஓய்ந்துவிடும்.

நடப்பதற்குப் பயப்படாதீர்கள்; நீங்கள் காவடியோடு மலை ஏறியவர்கள். பல்லாஸ் தேசியப் பூங்காவில் ஹெத்தாவிலிருந்து பல்லாஸ் வரை 50 கிலோமீட்டருக்கு மேல் மொட்டைக் குன்றுகளின் மேலேயே போகும் பாதை ஒன்று உண்டு. அதை மூன்று நான்கு நாளில் நிதானமாக முடிக்கலாம். வழியில் பூட்டில்லாத மரக்குடில்கள் வரும். படுக்கப் பலகை, இரும்பு அடுப்பு, விறகுக் கொட்டகை, வாடகை கிடையாது. நம் கிருத்திகைப் பாதயாத்திரைச் சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். விதி ஒன்றே: கடைசியாக வந்தவனுக்குத்தான் முதல் உரிமை. முன்பே வந்து இளைப்பாறியவன், நனைந்து களைத்து வருகிறவனுக்கு இடம் விட வேண்டும். கிளம்பும்போது அடுத்து வருபவருக்கு விறகு பிளந்து வைத்துவிட்டு, குப்பையை முதுகில் சுமந்துகொண்டு இறங்கவேண்டும்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன். அது ஆளில்லாத நிலம் அல்ல. 'மனிதக் கால் படாத வெண்மை' என்று விளம்பரங்கள் சொல்வது பொய். அங்கே சாமி என்னும் பூர்வகுடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கிறார்கள். நார்வே, ஸ்வீடன், ஃபின்லாந்து, ரஷ்யா என்று நான்கு நாடுகளில் சிதறி, மொத்தம் 80,000 பேர் அளவில். நாம் எல்லையூர்க்காரர்கள் என்பதால் அவர்கள் கதை நமக்குச் சட்டென்று புரியும். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. மங்கலங்கிழார், ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பிறகு, எல்லை நடுவர் படாஸ்கரின் பரிந்துரையை ஒட்டி, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. கோடு எங்கே விழுந்தாலும், நகரிக்குக் கொடுத்த பெண்ணைப் பார்க்க நாம் பஸ் ஏறிப் போனோம், யாரும் தடுக்கவில்லை. பாதி வீடுகளில் இன்றும் இரண்டு மொழியும் புழங்குகிறது.

சாமி மக்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1751இல் டென்மார்க்-நார்வேயும் ஸ்வீடனும் எல்லை வகுத்துக்கொண்டபோது, மான் மந்தைகளோடு எல்லை தாண்டிப்போகும் அவர்களது உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தார்கள். குளிர்காலத்தில் உள்நாட்டுக் காட்டில் லைக்கன், கோடையில் கொசு இல்லாத கடற்கரைப் புல் என்பது மானின் பாதை. மானின் பாதைதான் அவர்களின் பாதை. 1852இல் ஃபின்லாந்தை ஆண்ட ரஷ்யப் பேரரசு நார்வேயோடு இருந்த எல்லையை மூடியது. 1889இல் ஸ்வீடன் எல்லையும் மூடியது. மந்தை ஒரு பக்கம், மேய்ச்சல் மறுபக்கம் என்று குடும்பங்கள் நாடு மாறவேண்டி வந்தது. பள்ளிகளில் அவர்கள் மொழியைப் பேசவிடாமல் வளர்த்த தலைமுறைகள் உண்டு. 1979 முதல் நார்வேயின் ஆல்டா ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்து அவர்கள் நடத்திய போராட்டம் நாட்டையே உலுக்கியது. அணை கட்டப்பட்டுவிட்டது, ஆனால் 1989இல் அவர்களுக்கென்று ஒரு நாடாளுமன்றம் வந்தது. 2021இல், ஃபோசென் பகுதியில் மேய்ச்சல் நிலத்தில் நிறுவிய காற்றாலைகள் அவர்கள் உரிமையை மீறியவை என்று நார்வே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பசுமை மின்சாரம் என்றாலும் யாருடைய நிலத்தில் என்கிற கேள்வி அங்கேயும் இருக்கிறது.

ஃபின்லாந்தில் இனாரிக்குக் கட்டாயம் போங்கள். அந்த ஊராட்சியில் நான்கு மொழிகளுக்கு அலுவல் உரிமை உண்டு: ஃபின்னிஷ், அதோடு மூன்று சாமி மொழிகள். அதில் இனாரி சாமி மொழியைப் பேசுவோர் சில நூறு பேர்தான். அரசு அறிவிப்புப் பலகையில் அந்தச் சில நூறு பேரின் மொழிக்கும் ஒரு வரி இருந்ததைப் பார்த்து நான் வெகுநேரம் அங்கேயே நின்றேன். 'சீடா' என்னும் சாமி அருங்காட்சியகத்துக்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். மான் வளர்ப்பவரிடம் "எத்தனை மான் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள், பாங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதற்குச் சமம். கடைக்காரர் மாட்டிவிடும் போலிச் சாமி உடையில் போட்டோ எடுக்காதீர்கள். கைவினைப் பொருள் வாங்கினால் 'சாமி துவோட்ஜி' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கார் எடுத்தால், மான் சாலையில் வந்து நிற்கும். ஹாரன் அடித்து விரட்டாமல் காத்திருங்கள்.

நம் மொழிக்காரர்களும் அந்த வடக்கில் வாழ்ந்திருக்கிறார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்து அந்தோனி ராஜேந்திரம் 1956இல் நார்வே போய்ச் சேர்ந்தார். மீன்பிடித் தொழில் கற்று, அங்கிருந்தவர்கள் உதவியோடு காரைநகரில் சீநோர் நிறுவனம் உருவாகக் காரணமானார். 1980களின் கடைசியில் போர் துரத்திய ஈழத்து இளைஞர்கள், நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க் மாவட்டத்துக் கடலோர ஊர்களுக்குப் போனார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் தெற்கே நகரங்களுக்குப் போய்விட்டதால் மீன் ஆலைகளில் ஆள் தேவைப்பட்டது. ஐஸ் தண்ணீரில் கை வைத்து காட் மீனைத் துண்டு போட்டார்கள். சூரியன் வராத மாதங்களில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு பெரும்பாலோர் ஆஸ்லோ பக்கம் நகர்ந்துவிட்டார்கள். நீங்கள் சுற்றுலா போகும் அந்த ஊர்களில், வேறு வழியில்லாமல் போய் நின்ற தமிழர்கள் இருந்தார்கள் என்பதை அறிந்துகொண்டு போங்கள்.

ஸ்வால்பார்டு பற்றிச் சுருக்கமாக. 1920இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் பிரிட்டிஷ் இந்தியாவும் சேர்ந்திருந்தது. அங்கே இறங்க எந்த நாட்டவருக்கும் தனி விசா வேண்டாம். ஆனால் நார்வே வழியாகத்தான் போகமுடியும் என்பதால் இரண்டு முறை நுழையும் ஷெங்கன் விசா வேண்டும். அந்தத் தீவுகளின் நை-ஓலசுண்டில், 79 டிகிரியில், 2008 ஜூலையில் திறந்த இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது. பக்கத்துக் கடற்கழியில் 2014இல் இறக்கிய நீரடி அளவைக் கருவியை உருவாக்கியதில் நம் பள்ளிக்கரணை தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரும்பங்கு. அந்த ஊரில் ஆய்வுக் கருவிகளுக்கு இடையூறு வராதிருக்க வைஃபையும் புளூடூத்தும் அணைத்துவைக்க வேண்டும். 2025 முதல் விதிகள் கடுமையாகியுள்ளன. பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குப் போகும் கப்பலில் 200 பயணிகளுக்கு மேல் கூடாது. அங்கே குறித்த 43 இடங்களில் மட்டும் இறங்கலாம். வெண்கரடியிடமிருந்து 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர் விலகியிருக்க வேண்டும். நல்ல விதிகள். செலவும் மிகுதி, கப்பலும் வேண்டும். முதல் பயணத்துக்கு ஸ்வால்பார்டு தேவையில்லை என்பது என் கருத்து.

கத்திரி வெயிலில் தொலைக்காட்சிச் செய்தி தவறாமல் வாசிக்கும் ஊர் நம்முடையது. அதனால் இதைச் சொல்லவேண்டும். 2020 ஜூன் 20 அன்று, வடதுருவ வட்டத்துக்குள் இருக்கும் சைபீரியாவின் வெர்கோயான்ஸ்கில் 38 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. உலக வானிலை அமைப்பு சரிபார்த்து ஏற்றுக்கொண்ட கணக்கு அது. 1979 முதல் எடுத்துப் பார்த்தால், உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வடதுருவப் பகுதி சூடாகிறது என்று ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்டார்கள். வெண்பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். பனி உருகித் திறந்த கருநிறக் கடல்நீர் வெயிலைக் குடித்துக்கொள்ளும். அதனால் இன்னும் பனி உருகும். கடல் பனி ஆண்டிலேயே மிகக் குறைவாக இருப்பது நீங்கள் போகும் செப்டம்பரில்தான். 2012 செப்டம்பரில் அது 34 லட்சம் சதுர கிலோமீட்டருக்குச் சுருங்கியது. நடுக்குளிரில் பனி பெய்யவேண்டிய இடத்தில் மழை பெய்து உறைந்தால், லைக்கன் மேல் பனிக்கட்டி மூடி, மான்களுக்குத் தீனி எட்டாது. 2013இல் ரஷ்யாவின் யமால் பகுதியில் அப்படி 61,000 மான்கள் பட்டினியில் செத்தன. நம் விமானப் பயணமும் இந்தச் சூட்டில் சேர்கிறது. ஆகவே நாலு நாள் ஓடிப்போய்த் திரும்புகிற பயணம் வேண்டாம். ஒரு தடவை போங்கள், மூன்று வாரம் இருங்கள். உள்ளூரில் இரவு ரயிலிலும் பஸ்ஸிலும் போங்கள். ஹெல்சிங்கியிலிருந்து ரோவனியேமிக்குப் படுக்கை வசதியுள்ள ரயில் இருக்கிறது; அங்கிருந்து இனாரிக்குப் பஸ்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். ஓட்ஸ் கஞ்சி, ரை தானிய ரொட்டி, உருளைக்கிழங்கு, காளான், பழம் எங்கும் கிடைக்கும்; அவலும் பருப்புப் பொடியும் எடுத்துக்கொண்டால் போதும். செப்டம்பர் 10 முதல் அங்கே காட்டுக்கோழி வேட்டைக்காலம் என்பதால் காட்டில் பளிச்சென்ற நிற உடை போடுங்கள். ருஸ்கா வாரங்களில் ஃபின்லாந்துக்காரர்களே விடுதிகளை நிரப்பிவிடுவார்கள். மாசியிலேயே முன்பதிவு செய்துவிடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். போவதற்கு முன்னால் ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பழவேற்காட்டுக்குப் போய்வாருங்கள். நம் திருவள்ளூர் மாவட்டமேதான், பொன்னேரி வழி. தண்ணீர் வற்றிய சேற்றுத் திட்டில் கொசு உள்ளான் கூட்டம் கூட்டமாக ஓடி ஓடிப் பொறுக்கும். இருபது முப்பது கிராம் எடை, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கூடவே சற்றுப் பெரிய, அலகு கீழ்நோக்கி வளைந்த வளைமூக்கு உள்ளான். கொசு உள்ளான் முட்டையிடுவது நார்வேயின் வடகோடி முதல் சைபீரியா வரையுள்ள தூந்திரத்தில். வளைமூக்கு உள்ளான் சைபீரியாவின் தைமீர் பக்கம். ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர். வளைமூக்கு உள்ளானில் சேவல் ஜூலையிலேயே தெற்கே கிளம்பிவிடும், பெட்டை பின்தொடரும். அந்த ஆண்டு பொரித்த குஞ்சுகள் வழிகாட்ட யாருமில்லாமல் கடைசியில் தாமாகவே புறப்பட்டு வந்து சேர்கின்றன. நம்மூரில் பூக்காவடி மலை ஏறுகிற அதே ஆடியில் முதல் பறவைகள் வானத்தில் இருக்கும். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இவற்றைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, விட்டுத் தொடர்கிறார்கள். பறவைக்கு அந்த முனையும் வேண்டும், இந்த முனையும் வேண்டும். இந்த முனையில் பழவேற்காட்டின் முகத்துவாரம் பல தடவை மணல் மூடி அடைபட்டிருக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் வந்தால் ஏரி என்னாகும் என்று மீனவர்கள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு ஒரு டீ குடித்து, அந்தக் கதையையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

டிசம்பர் டிக்கெட்டை எடுக்காதீர்கள். இந்த மார்கழியில் பழவேற்காடு, அடுத்த ஆவணியில் வடக்கு. அம்மா அப்பாவையும் அழைத்துப் போங்கள். பலகைப் பாதையில் அவர்களும் நடப்பார்கள். வரைபடமும் பஸ் நேரமும் குறித்துத் தர நான் இருக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஒரு நோட்டோடு வீட்டுக்கு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய புவியியல் ஆசிரியர்,
திருத்தணி